இலவசமாய் வந்த மண்டபம்

கரட்டூரில் தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் பின்னால், கரிசலும் கருவேலமும் சந்திக்கிற இடத்தில், காலனிக்காரர்களின் பொட்டலில் ஒரு மண்டபம் வந்து நின்ற வருஷத்தில் மழை வழக்கம்போலப் பொய்த்தது, வெயில் வழக்கம்போல வாக்குத் தவறவில்லை, மண்டபத்துக்குச் சுவரும் கூரையும் தூணும் கிடையாது என்பதை யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவுமில்லை. ஏனென்றால் அதுவரைக்கும் அவர்களுக்கு மண்டபமே இருந்ததில்லை.

அது வந்து சேர்ந்த வழி சுடலைமணியின் கம்ப்யூட்டர். சுடலைமணி மைக்செட்காரர், குழாய் ஸ்பீக்கரும் சீரியல் விளக்கும் அடுக்கியிருந்த கடையின் பின்னறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, கம்பளி தொங்கவிட்டு, ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவும் வைத்திருந்தார். பழைய இரும்பு எடுப்பவர், கோலமாவு விற்பவர், காதுகுத்து வீட்டார், சாவு விழுந்த துட்டி வீட்டார் என்று ஊரில் ஒலிபெருக்கி வழியே பேச வேண்டியிருந்த எல்லோருடைய குரலும் அந்தக் கம்பளிகளுக்கு நடுவில்தான் பதிவாயிற்று. குரலைப் பதிவதொன்றும் கஷ்டமில்லை. பதிந்த குரலைக் காது கூசாமல் கேட்க வைப்பதுதான் பாடு. அதற்கான பிளகின் என்கிற சின்னச் சின்ன மென்பொருள்களை அவர் இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கி வைத்திருந்தார். இலவசம் என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்கும், அவர் மஸ்கட்டிலிருக்கும் மச்சானுடையதைக் கொடுப்பார், ஆகவே மஸ்கட்டில் ஒரு வெல்டருக்கு நாள் தவறாமல் 'உங்கள் அடுத்த ஆல்பம் எப்போது?' என்று கடிதம் வந்துகொண்டிருந்தது.

பிளகினோடு பிரீசெட்டுகளும் வரும். திருக வேண்டியதையெல்லாம் எவரோ முன்கூட்டியே திருகி, ஒரு பெயரும் சூட்டி அனுப்பிவைத்த ஆயத்தச் சட்டைகள் அவை. சுடலைமணி குரலுக்கு அளவெடுப்பவரல்லர், பெயரைப் பார்த்து மாட்டிவிடுபவர். 'வானொலி ஆண்' என்கிற சட்டையைப் பழைய இரும்புக்காரருக்கு மாட்டியதும், தெருவே ஏதோ நாட்டுச் சேதி என்று வேலையை நிறுத்திவிட்டு, ஓட்டை உடைசல் ஈயம் பித்தளையை மரியாதையோடு கேட்டது. 'மேடை அதிரடி' என்பதை ஒரு மரண அறிவிப்புக்கு மாட்டினார். சண்டைக்கு வருவார்கள் என்று கடையைப் பாதி சாத்திவைத்துக் காத்திருந்தவரிடம், பிள்ளைகள் வந்து, அப்பா வாழ்ந்ததைவிடப் போனது கெத்தாக இருந்தது என்று கண் கலங்கிவிட்டுப் போனார்கள்.

இப்படிப்பட்ட சுடலைமணியிடம்தான் முத்துப்பேச்சி பாட வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை; காலனியில் எந்த வீட்டு விசேஷமென்றாலும் குலவை போடவும் கும்மி பாடவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குரல் உயரம் எட்டும், ஆனால் மெலிசு. தகரத்தில் ஆணி இழுத்தாற்போல என்று சொன்னவர்கள் உண்டு, அதைச் சொன்னவர்களில் அவளுடைய அம்மாவும் ஒருத்தி. மாரியம்மன் கொடைக்குக் குழாயில் போட அவளே கட்டிய கும்மிப் பாட்டைப் பாடினாள். சுடலைமணி அடியில் உறுமிய லாரிச் சத்தத்தை வெட்டினார், ஏறி இறங்கிய குரலைக் கம்ப்ரஸரால் தட்டிச் சமன்படுத்தினார், கடைசியாக, முந்தின நாள்தான் இறக்கிய ஒரு பிளகினைத் திறந்து, அதிலிருந்த 'பெரிய கல் மண்டபம்' என்ற பிரீசெட்டை மாட்டி, ஹெட்போனை அவளிடம் நீட்டினார்.

"மணியண்ணே, இது நானா?"

"பெறகு நானா?"

"என்னண்ணே போட்டீக?"

"எவனோ ஒருத்தன் எங்கயோ ஒரு மண்டபத்துக்குள்ள நின்னு பலூன உடச்சி, அந்தச் சத்தம் அடங்குற வரைக்கும் புடிச்சி வச்சிருக்கான் தாயி. நம்ம குரல அதுக்குள்ள விட்டா அந்த மண்டபத்துல நின்னு பாடுனாப்ல. சும்மாதான் குடுக்கான்."

முத்துப்பேச்சி பாட்டை முழுக்கக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பொட்டலின் நடுவில் நின்று, சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாவை "யம்மோவ்" என்று கூப்பிட்டாள்; கூப்பிட்ட குரல் போகவில்லை. மேலே எழும்பி, இல்லாத கூரையைத் தொட்டு, இல்லாத தூண்களைச் சுற்றி வந்து, விரிந்து, தணிந்து, தன்னைத்தானே மடித்து வைத்துக்கொள்வதுபோல மெதுவாக அடங்கிற்று. அம்மா கரண்டியோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு நாளா இந்தக் குரல எங்கட்டி வச்சிருந்த?" என்றாள்.

இதை எதிரொலி என்பது பிழை. எதிரொலி சொன்னதைத் திருப்பிச் சொல்லும்; இது சொன்னதை விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும். நூல்களில் இதற்கு நயமான சொற்கள் உண்டு. காலனி இதை எக்கோ என்று அழைத்தது, நானும் காலனியோடுதான் நிற்கிறேன்.

பார்க்க முடியாத கட்டடமாகையால் அதைக் காதால் அளந்தார்கள். பிள்ளைகள் கனைத்துக்கொண்டே நடந்தார்கள், கனைப்பு வளர்கிற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோட்டுக்கு உள்ளே மண்டபம், வெளியே பொட்டல். கோட்டருகே செருப்பைக் கழற்றும் வழக்கம் யாரும் சொல்லாமலே வந்தது. வாசல் எந்தப் பக்கம் என்பதில்தான் கருத்து வேறுபட்டது. கிழக்கு என்றார்கள் பாதிப்பேர், தெற்கு என்றார்கள் மீதிப்பேர், கடைசியில் கிழக்கில் கோலம் போடுவதென்றும் தெற்கில் நுழைவதென்றும் சமரசமாயிற்று. தூண்கள் இருக்குமிடத்தில் பேச்சு லேசாகக் கம்மும், அங்கே மோதிக்கொள்ளாமல் ஒதுங்கி நடக்கக் கற்றார்கள். ஒதுங்காமல் நடந்த வெளியூர்க்காரர் ஒருவரை, கண்ணு தெரியலையா என்று கேட்டதும் நடந்தது. மழை வந்த ஒரே நாளில் எல்லோரும் உள்ளே நின்று முழுக்க நனைந்தார்கள், ஆனால் மழையின் சத்தம் மட்டும் எங்கோ உயரத்தில் ஓட்டுக் கூரைமேல் விழுகிற மழையாகக் கேட்டதால், நனைந்ததாக யாருக்கும் படவில்லை.

மண்டபம் அவர்களைச் சற்றே மாற்றவும் செய்தது. உள்ளே நின்று சண்டை போட முடியவில்லை. எதிராளியைத் திட்டிய வார்த்தை அவ்வளவு கம்பீரமாகத் திட்டியவர் காதிலேயே நின்றதால், சண்டைக்காரர்கள் கோட்டைத் தாண்டி வெளியே போய்த் திட்டிக்கொண்டு, சமாதானம் பேச உள்ளே வந்தார்கள். கடைசிச் சொல் அடங்கட்டும் என்று ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் காத்திருந்தார், ஆதலால் தமிழ்நாட்டிலேயே ஒருவர் பேசி முடிக்கும் வரை இன்னொருவர் குறுக்கிடாத ஒரே மகளிர் குழுக் கூட்டம் அங்கேதான் நடந்தது. நாய்கள் ஒருமுறை குரைத்துப் பார்த்து, உள்ளே தங்களைவிடப் பெரிய நாயொன்று இருக்கிறதென்று தீர்மானித்து, விலகிப் போயின. வார்டு மெம்பர் பால்துரை வந்து சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றி நடந்து, இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அனுமதி வாங்கவில்லையே என்று கவலைப்பட்டார், பின் உள்ளே நின்று ஒரு தேர்தல் பிரசங்கம் ஒத்திகை பார்த்தார், அதன்பின் அனுமதியைப் பற்றி அவர் பேசவேயில்லை.

முத்துப்பேச்சிக்கு மட்டும் மண்டபத்தால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. விளாத்திமேட்டில் டிராக்டர் ஓட்டும் கருப்பசாமிக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கு அவனை அதைவிடவும் கொஞ்சம் பிடித்திருந்தது; ஆனால் அவனுடைய அம்மா ஆவுடைத்தாய், "எங்க வீட்ல மூத்தவ கல்யாணத்தத் தெருவுல வச்சோம், இன்னைக்கு வரைக்கும் சம்பந்தகாரன் சொல்லிக்காட்டுறான். மண்டபத்துல வச்சா கல்யாணம். இல்லன்னா வேற எடம் பாருங்க" என்று சொல்லியனுப்பியிருந்தாள். டவுனில் மண்டபங்கள் உண்டு. காலனிக்காரர்கள் போய்க் கேட்கிற முகூர்த்தத்துக்கு மட்டும் அவை எல்லாமே முன்னமே பதிவாகியிருக்கும். யார் பதிந்தது என்று கேட்டால் மேனேஜருக்குப் பெயர் ஞாபகம் வராது. இப்படியே ஆனியும் ஆவணியும் போய்விட்டன. சொந்தமாகவே மண்டபம் இருக்கிறதே என்று அதன்பின்தான் யாருக்கோ உறைக்க, தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் நாள் குறித்தார்கள், 'காலனி கல் மண்டபத்தில்' என்று பத்திரிகையும் அடித்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று காதைத் தீட்டிக்கொண்டே வந்து, சுண்ணாம்புக் கோட்டருகே செருப்பைக் கழற்றினார். பெயர் ஜெசிந்தா. தெற்கே கடற்கரையோரம் பனைவிளை என்கிற ஊர்; அங்கே கல்லால் கட்டிய பழைய மாதா கோயில் ஒன்றின் பாடகர் குழுவை நடத்துகிறவர். அவர் வாசலைத் தேடவில்லை, தூண்களில் ஒதுங்கினார், நேரே நடந்து வடகோடிக்குப் போய், அங்கே எதுவுமில்லாத இடத்தில் முழங்காலிட்டார். பொட்டலில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"பலூன் ஒடச்ச பையன நான்தான் உள்ள விட்டேன்" என்றார் டீச்சர், சுடலைமணியும் பால்துரையும் முத்துப்பேச்சியும் வந்து சேர்ந்தபின். "டூரிஸ்ட் மாதிரி இருந்தான். சும்மா ஒரு சத்தம் எடுத்துக்கிடுதேன்னான், எடுத்துக்கோன்னுட்டேன். ஒண்ணும் ஆகல. அவன் அத இன்டர்நெட்ல போட்டு, நாட்டுல உள்ளவனெல்லாம் எடுத்திருக்கான், அப்பவும் ஒண்ணும் ஆகல. போன மாசி மாசம் ஒரு நாள் காலைல பிள்ளைக பாட ஆரம்பிச்சா, பீரோவுக்குள்ள நின்னு பாடுனாப்ல இருக்கு. கோயில் அப்படியே நிக்கி. எக்கோ மட்டும் இல்ல."

அது சுடலைமணி முத்துப்பேச்சியின் பாட்டுக்குப் பிரீசெட் மாட்டிய அதே மாசி. ஆயிரம் பேர் எடுத்தபோது அசையாதது இங்கே மட்டும் ஏன் எழுந்து வந்தது என்று என்னைவிடப் படித்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது, மற்றவர்களிடம் முன்னமே மண்டபம் இருந்திருக்கும் என்பதுதான்.

"எப்படிக் கண்டுபிடிச்சீக டீச்சர்?" என்றார் சுடலைமணி.

"பஸ்ல டிரைவர் இந்தப் பிள்ளையோட மாரியம்மன் பாட்டப் போட்டாரு. பாட்டு முடிஞ்சு எக்கோ அடங்குறப்ப, கடைசியில ஒரு கண்ணாடி கிரீச்சுன்னு அதிரும் பாருங்க. அது எங்க ஜன்னல். நம்ம சேலை அடுத்த வீட்டுக் கொடியில காஞ்சா தெரியாதா?"

பால்துரைக்கு வாதம் வந்தது. "அம்மா, தப்பா நெனைக்காதீக. இலவசம்னு போட்டிருக்கு. இலவசமாக் குடுத்தத, அதுவும் கவர்மெண்டே, இதுவரைக்கும் திருப்பிக் கேட்டதில்ல."

"நான் குடுத்தது சத்தம்யா. மண்டபத்த யாரு குடுத்தா?"

"சரி, கல்யாணம் முடியட்டும். திங்கக்கிழம சாயந்தரம் எடுத்துட்டுப் போங்க."

"ஞாயித்துக்கெழம எங்களுக்குத் திருநாள்" என்றார் டீச்சர்.

கூட்டம் கொஞ்ச நேரம் அந்த ஞாயிறையும் திங்களையும் இடம் மாற்ற முடியுமா என்று யோசிப்பதுபோல நின்றது. ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டுத் திங்கட்கிழமை விடியக் கொடுத்தனுப்பக் கூடாதா என்று ஒருத்தி கேட்டாள். சுடலைமணி முடியாதென்று தலையாட்டினார். பாட்டிலிருந்து பிரீசெட்டைக் கழற்றி சேவ் பண்ணினால் அது புறப்பட்டுவிடும் என்று அவருக்குத் தோன்றியது, போனது திரும்பும் என்று தோன்றவில்லை. வந்ததே எப்படி என்று தெரியாததை எப்படிக் கூப்பிடுவது. "பாட்டு பேச்சியோடது. அவ சொல்லட்டும்" என்றார்.

முத்துப்பேச்சி வாய் திறக்குமுன் அவளுடைய அம்மா திறந்தாள். "அவ என்னத்தச் சொல்ல? இந்தத் தையை விட்டா அந்தப் பொம்பள வேற எடம் பாத்திருவா. எக்கோவுக்காக எம்பிள்ள கொமரா நிக்கவா?"

"எங்க ஊர்ல வயசானவக சொல்லுதாக, ஜெபம் பண்ணா வாயோட நின்னு போயிருதாம். உதட்டுல இருந்து கால் மேல விழுந்த மாதிரி இருக்காம்" என்றார் டீச்சர்.

முத்துப்பேச்சிக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும். மாசி வரைக்கும் அவளுடைய குரல் அப்படித்தான் அவள் காலடியில் விழுந்துகொண்டிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? உங்க கோயில்ல எங்க ஆளுக உள்ள வரலாமா?"

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெசிந்தா டீச்சர் பார்க்கவில்லை.

"நான் சின்னப்பிள்ளையா இருக்கையில நடுவுல ஒரு கயிறு கட்டியிருப்பாக. அந்தப் பக்கம் ஒரு சனம், இந்தப் பக்கம் ஒரு சனம். பெறகு கயித்த அவுத்துட்டாக. ஆனா இன்னைக்கும் கயிறு இருந்த எடத்துல யாரும் உக்கார மாட்டாக. காலியாவே கெடக்கும்."

"நான் வந்து உக்காந்தா?"

"உக்காரு. பக்கத்துல நான் உக்காருதேன்."

"ஞாயித்துக்கெழம வர முடியாது. பந்தக்கால் நடுறாக. கல்யாணம் முடிஞ்சி அவுகளையும் கூட்டிட்டு வாரேன்" என்று சொன்ன முத்துப்பேச்சி, சுடலைமணி பக்கம் திரும்பி, "கழட்டுங்கண்ணே" என்றாள். அந்தச் சொல் எழும்பி, கூரையைத் தொட்டு, தூண்களைச் சுற்றி, கடைசியில் அந்தக் கண்ணாடி கிரீச்சென்று அதிர அடங்கியது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பின்னறையில் சுடலைமணி மவுஸை அழுத்தினார். பொட்டலில் யாரோ இருமினார்கள், அது வெறும் இருமலாக இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் சுடலைமணி தூங்கவில்லை. இணையத்தில் இலவசமாக எத்தனை பிரீசெட் உண்டோ அத்தனையையும் இறக்கினார். 'அரண்மனைக் கூடம்', 'சுரங்கப் பாதை', 'குளியலறை', கடைசியில் நம்பிக்கையிழந்து 'வெண்கலப் பானை' வரைக்கும் அவள் பாட்டுக்கு மாட்டிப் பார்த்தார், மஸ்கட்டில் வெல்டரின் கைபேசி நிரம்பி வழிந்தது. எல்லாம் ஹெட்போனுக்குள் நன்றாகவே ஒலித்தன, ஒன்றாவது எழுந்து வெளியே வரவில்லை. பால்துரை நாலு மூலைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி சமாளிக்கலாம் என்றார். பந்தல்காரர் துணிப்பந்தல் போட வந்தபோது, மண்டபத்துக்குள் பந்தல் போட்டால் சந்தேகம் வந்துவிடும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். காலனி முழுவதும் சுண்ணாம்புக் கோட்டுக்குள் வரிசை வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தது. இடம் போதாமல் வரிசை கோட்டைத் தாண்டி, தெருவில் நீண்டு, மைக்செட் கடையைக் கடந்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் போயிருந்தது. முத்துப்பேச்சி மணவறையில் தலைகுனிந்திருந்தாள், வெட்கத்தால் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். ஆவுடைத்தாய் கோட்டருகே வந்து, மற்றவர்கள் கழற்றியிருப்பதைப் பார்த்துத் தானும் செருப்பைக் கழற்றி, உள்ளே கால்வைத்து, வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். இந்த மண்டபத்தைப் பற்றி விளாத்திமேடு வரைக்கும் பேச்சிருந்தது. பேச்சை நம்புகிறவளல்ல அவள். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, வேனருகே வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த மகனை நோக்கி, "ஏய்... கருப்பசாமீ..." என்று ஒரு கூப்பாடு போட்டாள்.

கூப்பாடு வெயிலில் போய்த் தொலைந்தது.

பின்னே நடந்ததற்கு ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை. அதை நான் பலரிடம் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பத்து மாதமாக ஒவ்வொரு சொல்லின் வாலும் அடங்குவதற்குக் காத்திருந்து பழகிய சனம் அது. வால் வரவில்லை. காத்திருந்த வாய்களுக்கு அது பொறுக்கவில்லை. முதல் வரிசையில் முத்துப்பேச்சியின் அம்மா, தன்னையறியாமல், தாழ்ந்த குரலில் "சாமீ" என்றாள். அவளுக்குப் பின்னாலிருந்த வரிசை அதைவிடத் தாழ்ந்து "சாமீ" என்றது. அதற்குப் பின் வரிசை அதைவிட மெல்ல, அதற்கும் பின் வரிசை மூச்சாக, ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக, கோட்டைத் தாண்டி, தெருவழியே, மைக்செட் கடையைக் கடந்து அந்தப் பெயர் விரிந்து விரிந்து தணிந்து போயிற்று. கருப்பசாமி வேட்டி நுனியைப் பிடித்தபடி, தன் பெயர் தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆவுடைத்தாய் அவ்வளவு முகங்களையும் அவ்வளவு உதடுகளையும் பார்த்தாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். நடந்துபோய் மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நேரமாகுது, தாலிய எடுங்க" என்றாள்.

குலவை போட வேண்டியவளே மணப்பெண்ணாக இருந்ததால், முத்துப்பேச்சி தன் கல்யாணத்துக்குத் தானே குலவை போட்டாள். அதையும் வரிசைகள் வாங்கி வாங்கிக் கொண்டுபோயின.

பந்தியில் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தபோதுதான், வரிசையின் கடைசியில் பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த காளியப்பனுக்கு, எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் விளங்கும் அந்த மனிதருக்கு, முன்னாலிருந்தவர் இன்னொரு தடவை எடுத்துச் சொன்னார் போலிருக்கிறது. வெகு தூரத்திலிருந்து, யாரும் எதிர்பாராத நேரத்தில், மெலிசாக அவர் பங்குக்கு ஒரு "சாமீ..." வந்து சேர்ந்தது.

பந்தி முழுவதும் கையை நிறுத்தி ஆவுடைத்தாயைப் பார்த்தது. அவள் அது அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"மண்டபம் கொஞ்சம் பெருசுதான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள்.